ஒரு கேள்விக்குறிதான் போட்டேன்

என் பெரியப்பா ஒன்று சொல்வார். நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்தவர். “ஏல மாசிலாமணி, ஒரு வீட்டுல சம்பந்தம் பேசப் போனா முன்வாசல்ல உக்காந்து காப்பியக் குடிச்சிட்டு எந்திரிச்சு வந்துராத. நைசா பின்னால போயி அந்த வீட்டுத் தண்ணி எங்க போயி விழுதுன்னு பாரு. பாத்துட்டு…” பார்த்துவிட்டு என்ன செய்யச் சொன்னார் என்பதுதான் மறந்துபோயிற்று. முகத்தைச் சுளிக்காதே என்றாரா, பெண்ணைக் கட்டாதே என்றாரா, வேறேதும் சொன்னாரா? பாதிதான் நிற்கிறது.

மகளை இந்தக் கல்லூரியில் சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்டதும் அந்தப் பாதி ஞாபகம் வந்தது அண்ணாச்சி. உட்காருங்கள். பஸ் இப்போதைக்கு வராது. இருங்கள், துடைத்துவிட்டு உட்காருங்கள், பெஞ்சில் என்னவோ ஒட்டியிருக்கிறது. இந்தாருங்கள், காகிதம். நான் எப்போதும் பையில் வைத்திருப்பேன்.

சுற்றுச்சூழல் பொறியியல் என்றா சொன்னீர்கள்? நான் அந்தத் துறைதான். கனடாவில் பதினெட்டு வருடம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் வடிவமைத்துக்கொண்டிருந்தவன். ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்காத ஆள் இல்லை. பள்ளிக்கூடம் தமிழில், கல்லூரி ஆங்கிலத்தில் என்று படித்தவன் நான். இரண்டும் தெரிந்த ஒருவன் வந்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்: அளந்ததை அளந்தபடி எழுதுவது. அவ்வளவுதான். அதற்குத்தான் வந்தேன். சிரிக்காதீர்கள்.

வேண்டாம் அண்ணாச்சி, கடலைமிட்டாய் நீங்கள் சாப்பிடுங்கள். வெளியில் நான் எதுவும் சாப்பிடுவதில்லை.

கடைசி வருடத்தில் ப்ராஜெக்ட் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் மகளும் செய்வாள். நாலு பேர் ஒரு டீம். ஏதாவது ஒரு நிஜமான பிரச்சினையை எடுத்து, நேரில் போய் அளந்து, அதற்கு ஒரு வடிவமைப்பு போட்டுக் கொடுக்கவேண்டும். டீமை எப்படிப் பிரிப்பார்கள் தெரியுமா? மதிப்பெண் வரிசையை நாலாக மடிப்பார்கள். மேல் மடிப்பில் ஒரு ஆள், அடுத்ததில் ஒரு ஆள், அதற்குக் கீழே ஒன்று, அடியில் ஒன்று. சமத்துவமாம். பிள்ளைகள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். மேல் மடிப்பு ஆள் ‘எஞ்சின்’, மற்ற மூவரும் ‘பெட்டி’. “லே, உன் எஞ்சின் யாரு?” என்று வராந்தாவில் சத்தம் போட்டு விசாரித்துக்கொள்வார்கள், கூச்சமே கிடையாது. ஒருத்தர் உழைப்பார், மூன்று பேர் பின்னால் ஏறி உட்கார்ந்து வருவார்கள். கடைசியில் நாலு பேருக்கும் ஒரே மதிப்பெண். முதல் வருடம் இதைப் பார்த்ததுமே துறைத்தலைவரிடம் சண்டை போட்டேன். ஆளுக்கு ஆள் தனித்தனியாக மதிப்பெண் போடும் அதிகாரம் வழிகாட்டிக்கு வேண்டும் என்று நின்று வாங்கினேன். அதைக் கொண்டுவந்தவன் நான்தான். விசாரித்துப் பாருங்கள்.

போன ஜூலையில் எனக்கு வந்த டீமில் எஞ்சின் முத்தரசி. விளாத்திகுளம் பக்கம். ஒல்லியாக இருப்பாள், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். பெட்டிகள் மூன்றும் பையன்கள். ரெக்ஸன் என்று ஒருவன், கழுத்தில் எப்போதும் ஹெட்போன் தொங்கும். மற்ற இருவர் பெயரும் உங்களுக்கு எதற்கு, எனக்கே டிசம்பர் வரை குழம்பும்.

கல்லூரி ஹாஸ்டலின் கழிவுநீரையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஆயிரத்து நூறு பிள்ளைகள் இருக்கும் ஹாஸ்டல். தண்ணீர் முழுவதும் பின்பக்கம் ஒரு கால்வாயில் ஓடி, அந்தப் பக்கத்துக் கண்மாயில் விழுகிறது. கண்மாய்க்காரர்கள் இரண்டு தரம் வந்து கேட்டில் நின்று சத்தம் போட்டிருக்கிறார்கள். அதைச் சுத்தம் செய்ய ஒரு நிலையம் வடிவமைக்கவேண்டும். முதல் வேலை, நாளொன்றுக்கு எவ்வளவு கழிவுநீர் வருகிறது என்று அளப்பது.

என்ன? நான் போய்ப் பார்த்தேனா என்றா? சொல்கிறேன், வரிசையாக வருகிறேன்.

ஆகஸ்டில் முதல் ரிவ்யூ. வகுப்பு முழுவதும் உட்கார்ந்திருக்க, டீம் டீமாக முன்னால் வந்து சொல்லவேண்டும். முத்தரசி ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தாள். தகரக்கடையில் ஒரு தகட்டை வாங்கி, முக்கோணமாக வாய் வெட்டி, அதைக் கால்வாயில் குறுக்கே நிறுத்தி, அந்த வாயில் தண்ணீர் எவ்வளவு உயரம் வழிகிறது என்று மணிக்கு ஒரு தடவை எழுதியிருக்கிறாள். ஏழு நாள். நோட்டின் ஓரமெல்லாம் ஈரம்பட்டு ஊதிப்போயிருந்தது. அதை நான் விரலால் தொடவில்லை, பேனா முனையால்தான் பக்கத்தைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி எழுதியிருந்தாள்: ஆளுக்கு ஒரு நாளைக்கு முப்பத்தாறு லிட்டர்.

முப்பத்தாறு!

அண்ணாச்சி, அரசாங்கக் கையேடு ஒன்று இருக்கிறது. இந்த நாட்டில் சாக்கடைக் கணக்குப் போடுகிற எல்லாரும் அதை வைத்துத்தான் போடுவார்கள். ஆளுக்கு நூற்று முப்பத்தைந்து லிட்டர் தண்ணீர், அதில் ஐந்தில் நாலு பங்கு கழிவாக வெளியே வரும். ஆக, நூற்றெட்டு. இவள் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுவந்து நிற்கிறாள்.

“முப்பத்தாறா? நீங்க அளந்தது ஹாஸ்டலா, கோழிப்பண்ணையா?” என்றேன்.

வகுப்பு சிரித்தது. ரெக்ஸனும் சிரித்தான், அவன் டீமைத்தான் சொன்னேன் என்பதுகூடத் தெரியாமல்.

“அளந்தது சார்,” என்றாள்.

“யாரு அளந்தா?”

“நான்தான் சார்.”

“மத்த மூணு பேரும்?”

ரெக்ஸன் ஹெட்போனைச் சரிசெய்தான். பின்னாலிருந்து எவனோ, “அவங்க குடை பிடிச்சாங்க சார்,” என்றான். அதற்கும் சிரிப்பு.

“சார், லேடீஸ் ஹாஸ்டல்ல காலையில ஒண்ணரை மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம், அவ்வளவுதான் தண்ணி விடுவாங்க. ஆளுக்கு ரெண்டு பக்கெட்டு புடிச்சு வச்சுக்கிடுவோம். பாய்ஸ் ஹாஸ்டல்லயும் அப்படித்தான். அதனாலதான் சார்…”

“அம்மா, கதை வேண்டாம். கையேடு படிச்சியா?”

“படிச்சேன் சார். ஆனா இங்க…”

நான் அந்த முப்பத்தாறைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அவ்வளவுதான் செய்தேன். ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறி என்றால் என்ன அர்த்தம்? திரும்ப யோசி, திரும்ப அளந்து பார், எனக்கு விளக்கு என்று அர்த்தம். மாற்றி எழுது என்று உலகத்தில் எந்த ஊரிலாவது அர்த்தம் உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. நான் போகவில்லை. எனக்கு சைனஸ். அந்த நாற்றம் ஏறினால் இரண்டு நாள் தலை தூக்கமுடியாது. கழிவுநீர் இன்ஜினியருக்கு சைனஸா என்று துறைத்தலைவர்கூட ஒருமுறை நக்கல் அடித்தார். கனடாவில் எல்லாத் தொட்டியும் மூடியிருக்கும் அண்ணாச்சி. நாங்கள் கணினியில் வடிவமைப்போம், அளந்த கணக்கைக் கம்பெனிக்காரன் அனுப்புவான். வழிகாட்டி என்பவன் சாக்கடையில் இறங்கவேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. இறங்குவதற்குத்தான் டீம் இருக்கிறது.

செப்டம்பர் ரிவ்யூவில் ரெக்ஸன் மடிக்கணினியோடு வந்தான். அட்டவணை, வரைபடம், வண்ணம் வண்ணமாகக் கோடு. காலையில் ஒரு மேடு, மதியம் ஒரு பள்ளம், சாயங்காலம் ஒரு மேடு. பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் படம் போலவே இருந்தது. கூட்டினால் ஆளுக்கு நூற்றெட்டு. புள்ளி பிசகவில்லை.

எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. பெட்டி என்று நினைத்த பையன் இப்படித் தேறிவிட்டானே என்று வகுப்பின் முன்னால் தட்டிக்கொடுத்தேன். “இப்பத்தான்யா இது இன்ஜினியரிங்,” என்றேன். முத்தரசி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வகுப்பு கைதட்டியபோது அவள் தட்டவில்லை. எஞ்சின்களுக்கு எப்போதும் ஒரு பொறாமை உண்டு, மற்றவன் பாராட்டு வாங்கினால் பொறுக்காது. அப்படித்தான் நினைத்தேன். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது வராந்தாவில் வழிமறித்தாள்.

“சார், ஒரே ஒரு தடவை நீங்க நேர்ல வந்து பாருங்க சார். காலையில ஆறு மணிக்கு வந்தீங்கன்னா போதும்.”

“எனக்கு சைனஸ்மா.”

“மாஸ்க் கொண்டு வர்றேன் சார்.”

எனக்கு மாஸ்க் கொண்டுவருகிறாளாம். இருபத்தொரு வயசு.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. நவம்பரில் சென்னையில் மாணவர் வடிவமைப்புப் போட்டி, எங்கள் டீமுக்கு முதல் பரிசு. பத்திரிகையில் படம் வந்தது. நாலு பேரும் நிற்க, நடுவில் நான் கேடயத்தைப் பிடித்துக்கொண்டிருப்பேன். ரெக்ஸன்தான் என்னை நடுவில் நிற்கச் சொன்னான், பண்பான பையன். தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். பிப்ரவரியில் டெல்லியிலிருந்து தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. அவர்களுக்குக் காட்ட நம் பிள்ளைகளே வடிவமைத்த நிலையம், நம் வளாகத்திலேயே கட்டியது என்று ஒன்று இருந்தால் எப்படி இருக்கும்! “வெளிநாட்டுல பெரிய பெரிய ஊருக்கெல்லாம் போட்டவரு போட்ட கணக்கு. கண்ணை மூடிக்கிட்டுக் கட்டலாம்,” என்றார். உண்மையில் கண்ணை மூடிக்கொண்டுதான் கட்டினார்கள். இரண்டே மாதத்தில் தொட்டிகள் எழும்பிவிட்டன.

வாசலில் ஒரு கறுப்புக் கல் பதித்தார்கள். தாளாளர் பெயர், முதல்வர் பெயர், அதற்குக் கீழே ‘திட்ட வழிகாட்டி: முனைவர் தெ. மாசிலாமணி’. எனக்கு இந்தக் கல், பெயர் எல்லாம் பெரிதில்லை. தெ என்ற முதலெழுத்தைத் தே என்று செதுக்கிவிட்டான், அதற்காக இரண்டு தரம் ஆள் அனுப்பித் திருத்தினேன், அவ்வளவுதான். மாணவர்கள் பெயர் போட இடமில்லை என்றார்கள். கல் சின்னது.

ஜனவரி கடைசியில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் நாற ஆரம்பித்தது.

எப்படிச் சொல்ல? கண்மாயில் முன்பு இருந்தது சாதாரண நாற்றம். இது வேறு. அழுகிய முட்டையை நூறு வண்டி கொண்டுவந்து உடைத்ததுபோல. மெஸ்ஸில் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள். விஷயம் எளிது அண்ணாச்சி, உங்களுக்கே புரியும். நூற்றெட்டுக்குக் கட்டிய தொட்டி. அதில் வந்து விழுவது முப்பத்தாறுதான். அரை நாளில் கடந்துபோக வேண்டிய கழிவு ஒன்றரை நாள் காற்றில்லாமல் உள்ளேயே கிடக்கிறது. கிடந்தது அழுகுகிறது.

அப்போதுதான் மோட்டார் போடும் வேலாண்டியைக் கூப்பிட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் ஏற்றுகிறாய் என்று கேட்டேன். வாயில் பீடி. எடுக்கவுமில்லை.

“ஆளுக்கு நூத்தியெட்டா? அது ஆம்புலன்ஸ் நம்பர்லா சார்?” என்று சிரித்தான். “அம்புட்டுத் தண்ணி இருந்தா நான் எதுக்கு சார் தெனமும் காலையில பிள்ளைகட்ட ஏச்சு வாங்குதேன்? போர்வெல்லுல நாலு மணி நேரத்துக்கு மேல தண்ணி நிக்காது. இங்க மெஸ்ஸு அடுப்படியில கேட்டாக்கூட சொல்லியிருப்பாங்களே.”

மரியாதை தெரியாத ஆள். அவனிடம் நான் ஆகஸ்டிலேயே ஏன் கேட்கவில்லை என்று கேட்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது. மோட்டார்காரனைக் கேட்டா வடிவமைப்பு செய்வார்கள்? கையேடு எதற்கு இருக்கிறது?

குழு வருவதற்குப் பத்து நாள் முன்பிருந்து கல்லூரி பட்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும். மரத்துக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள். நூலகத்துக்கு வாடகைக்குச் செடித்தொட்டி வந்தது. எதிரே யார் வந்தாலும் ‘குட் மார்னிங்’ சொல்லவேண்டும் என்று பிள்ளைகளுக்கு உத்தரவு, சாயங்காலம் நாலு மணிக்கும் குட் மார்னிங் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். நிலையத்தைச் சுற்றி ஊதுபத்தி கொளுத்தி வைக்கச் சொன்னார் முதல்வர். கட்டுக் கட்டாக. ஊதுபத்தி வாசனையும் அந்த நாற்றமும் சேர்ந்தால் என்ன வரும் தெரியுமா? இன்றைக்கும் கோயில் வாசலில் ஊதுபத்தி வாசனை வந்தாலே திரும்பி நடந்துவிடுகிறேன். சாமி கும்பிடுவதையே கெடுத்துவிட்டார்கள்.

விளக்கம் சொல்ல முத்தரசியைப் புடவை கட்டி நிறுத்தியிருந்தார்கள். பையன்கள் மூன்று பேரும் கோட்டு. குழுவில் ஒருவர் வயதானவர், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே தொட்டியை எட்டிப் பார்த்தார். கழிவு உள்ளே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் சொல்லிவிட்டாள்.

“கணக்குப்படி பன்னிரண்டு மணி நேரம் சார். உள்ளபடி ஒன்றரை நாள்.”

ஏன் என்றார்.

“இங்கே தண்ணீர் குறைவு சார்.”

அளந்தீர்களா என்றார்.

“அளந்தோம் சார். முப்பத்தாறு.”

வரைபடத்தில் நூற்றெட்டு என்று போட்டிருக்கிறதே என்றார். அதற்கு மட்டும் அவள் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்காததே காட்டிக்கொடுத்ததுபோல ஆகிவிட்டது, அந்தக் கிழவர் மெல்லத் திரும்பிக் கல்லில் இருந்த பெயர்களைப் படித்தார். என் பெயரில் வந்ததும் ஒரு கணம் நின்று, நோட்டில் எதையோ எழுதினார்.

என்ன ஒரு அவமானம்! நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன்? சென்னைக்கு அழைத்துப்போனேன், ஏசி பெட்டியில். படத்தில் என் பக்கத்தில்தான் நிற்கிறாள்.

ஏப்ரலில் முடிவு வந்தது, கல்லூரிக்குத் தரம் ஒரு படி இறங்கிவிட்டது. தாளாளர் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் விசாரணை வைத்தார். துறைத்தலைவர், முதல்வர், வெளியிலிருந்து ஒரு பேராசிரியர். கேள்வி ஒன்றுதான்: முப்பத்தாறு எப்போது, யாரால் நூற்றெட்டு ஆயிற்று?

முத்தரசி அந்த நீள நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஊதிப்போன அதே நோட்டு. துறைத்தலைவர் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, “இது உங்க கையெழுத்தா சார்?” என்று என் பக்கம் நீட்டினார்.

என் கையெழுத்துதான். வட்டம், கேள்விக்குறி. அதற்குக் கீழே ‘கையேட்டைப் பார்’ என்று எழுதியிருந்தது. அது எனக்கு ஞாபகமில்லை, ஆனால் என் எழுத்துதான். அதற்கும் கீழே ‘108’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. அதுவும் என் எழுத்துதான். அண்ணாச்சி, ஓர் ஆசிரியர் ஓர் எண்ணை ஓரத்தில் எழுதினால் அது யோசனை. உத்தரவில்லை. இதை நான் மூன்று பேரிடமும் அரைமணி நேரம் விளக்கினேன். வெளியிலிருந்து வந்தவர் நல்ல மனிதர், தலையாட்டினார். துறைத்தலைவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையன்கள் மூவரும் புத்திசாலிகள். தாளாளர் அலுவலகத்தில் கொடுத்த மாதிரியைப் பார்த்து ஆளுக்கொரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்: ‘நாங்கள் செய்த அளவீட்டில் பிழை ஏற்பட்டுவிட்டது, வருந்துகிறோம்.’ அளக்கவே போகாத பையன்கள் அளவீட்டுப் பிழைக்கு வருந்துகிறார்கள். பார்க்க அருவருப்பாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நிலைமை அறிந்து நடந்துகொள்வது ஒரு முதிர்ச்சி. வேலைக்குப் போகிற இடத்தில் இதுதான் உதவும்.

இவள் எழுதமாட்டேன் என்றாள்.

“பிழை இல்ல சார். அளந்தது சரி. மாத்துனதுதான் தப்பு. மாத்தும்போது நானும் கூட இருந்தேன், வேண்டாம்னு சொல்லலை. அதை வேணா எழுதித் தர்றேன்.”

அதை யார் கேட்டது? முதல்வர் தண்ணீர் குடித்தார். தாளாளர் என்னைப் பார்த்து, “உங்க பிள்ளை, நீங்களே பேசிப் பாருங்க,” என்றார்.

மறுநாள் என் அறைக்கு வந்தாள். நான் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள். வந்து நின்றுகொண்டே இருந்தாள், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவளுக்கு புனேயில் வேலை கிடைத்திருந்தது, நீர் சுத்திகரிப்புக் கம்பெனி. வளாகத் தேர்வில் எங்கள் துறையிலிருந்து அவள் ஒருத்தியைத்தான் எடுத்தார்கள். ஜூன் பத்தாம் தேதிக்குள் எல்லாப் பாடமும் தேறிய சான்றிதழோடு போய்ச் சேரவேண்டும். ஒரு பாடம் நின்றாலும் வேலை இல்லை, அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவள் அப்பா வேறு ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாராம்.

“சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார். ‘நான்தான் நூத்தியெட்டுன்னு எழுதச் சொன்னேன்’னு. உங்களை யாரும் ஒண்ணும் செய்யமாட்டாங்க சார். நாங்கதான் சார் கஷ்டப்படுவோம்.”

“நான் எப்ப எழுதச் சொன்னேன்? கேள்விக்குறிதானம்மா போட்டேன்?”

என் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தாள்.

“சார், நீங்க கேட்டது கேள்வின்னா, நான் பதில் சொன்னேனே சார். ரெண்டு பக்கெட்டுன்னு.”

சொல்லிவிட்டு அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு மனம் இளகியிருக்கும். நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சமயம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கோபம் இல்லை. அருவருப்பு. இந்த ஊர், இந்தக் கல்லூரி, ஊதுபத்தி, பீடி, கோட்டுப் போட்ட பெட்டிகள், கடைசியில் வேலைக்காக ஆசிரியரையே விலைபேச வந்துவிட்ட ஒரு பெண். பதினெட்டு வருடத்தை விட்டுவிட்டு இதற்கா வந்தேன்? ஜன்னலைத் திறந்தேன். வெளியிலிருந்து அந்த நாற்றம்தான் வந்தது. மூடினேன். “போம்மா, யோசிக்கிறேன்,” என்றேன்.

யோசிக்கவும் செய்தேன். இரண்டு வாரம். சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. நான் நியாயம் பார்க்காதவன் இல்லை அண்ணாச்சி. அவள் உழைத்தாள் என்பதை ஒருநாளும் நான் மறுத்ததில்லை. டீமில் அவள் ஒருத்திதான் உழைத்தாள். அதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். ஆனால் டீம் என்றால் டீம். நாலு பேரில் மூன்று பேர் ஒன்று சொல்ல, ஒருத்தி மட்டும் வேறொன்று சொன்னால் அது கூட்டு வேலையா? மதிப்பீட்டுத் தாளிலேயே ‘குழு ஒத்துழைப்பு’ என்று ஒரு வரி இருக்கிறது. நான் இட்டுக்கட்டவில்லை. அச்சடித்தே இருக்கிறது.

நேற்று துறைத்தலைவர் வந்து, “சார், அந்தப் பிள்ளைய விட்டுருங்க. நாம ரெண்டு பேரும் சேர்ந்து தாளாளர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருவோம்,” என்றார். சைனஸ் என்று நக்கல் அடித்த அதே ஆள். இன்றைக்கு வாய்மொழித் தேர்வு. அவள் நன்றாகவே பதில் சொன்னாள், வெளியிலிருந்து வந்த தேர்வாளர்கூட இரண்டு முறை ‘வெரி குட்’ என்றார். முடிந்ததும் மதிப்பெண் தாள் என் கைக்கு வந்தது. தனித்தனியாகப் போடும் கட்டங்கள், நாலு பெயர், வழிகாட்டி கையெழுத்துக்கு ஓர் இடம். அவள் வராந்தாவில் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள், கதவுக் கண்ணாடியில் தெரிந்தது. பையன்கள் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள்.

உங்கள் மகளைத் தாராளமாகச் சேருங்கள் அண்ணாச்சி. நான் இருக்கிறேன், என் டீமிலேயே போட்டுக்கொள்கிறேன். பெயர் என்ன சொன்னீர்கள்?

அந்தத் தாளையா? ரெக்ஸனுக்கும் மற்ற இரண்டு பையன்களுக்கும் எண்பத்தைந்து போட்டேன். முத்தரசி பெயருக்கு நேரே ‘தேர்ச்சியில்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டித் தேர்வு அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.